முழுகாத அறை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் கடைக்கு வந்த டைரிகளில் ஒன்றை என் கணவர் சசி எனக்குக் கொடுத்திருந்தார். அட்டையில் ஒரு பைப் கம்பெனியின் படம். குரூப் டூ பரீட்சைக்குத் தினமும் என்ன படித்தேன் என்று எழுதி வைக்கச் சொன்னார். இன்று ஒன்றும் படிக்கவில்லை. பாத்ரூமில் நாற்றம்.

அழுகிய முட்டை மாதிரி. சமையலறையை ஒட்டி இருக்கிற பொதுப் பாத்ரூமில். அத்தையிடம் சொன்னேன். அவர் உள்ளே போய் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லையே என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார்.

"அப்படித்தான் கண்ணு இருக்கும். சசி வயித்துல இருக்கறப்ப எனக்கு சோப்பு வாசனையே ஆகாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயே திறக்காமல் இருப்பதைப் பொய் என்று சொல்ல முடியாது.

மதியம் எனக்கு மட்டும் மாதுளை உரித்துத் தந்தார்.

மார்ச் 6, வியாழன்

அத்தை போனில் என் நாத்தனாரிடம் பேசியது காதில் விழுந்தது. "வெளிய சொல்லிப்போடாத. முழுகாம இருக்கறா."

சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தைதான். இன்றைக்குத்தான் அதன் அர்த்தம் உறைத்தது. வீட்டுக்குத் தூரமானவள் மூன்று நாள் கழித்துத் தலை முழுகுவாள். முழுகவில்லை என்றால் பிள்ளை தங்கிவிட்டது. இந்த வீட்டில் அதற்கு டாக்டர் வேண்டாம். பின் அறையைப் பார்த்தால் போதும்.

சமையலறை தாண்டி, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் அந்த அறை. ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, உள்ளேயே பாத்ரூம். மாமா உயிரோடு இருந்தபோது கட்டியது. கடைச் சரக்கு என்பதால் எல்லாமே உயர்ந்த ரகம். ஹீட்டர்கூட உண்டு. வருகிறவர்கள் எட்டிப் பார்த்து, மருமகளுக்கு என்ன வசதி என்று பாராட்டுவார்கள். எட்டித்தான் பார்ப்பார்கள். யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். வைத்தால் குளிக்க வேண்டும். தூரமில்லாத நாளில் நான் போனாலும் தூரம்தான். நாத்தனார் கல்யாணமாகிப் போன பிறகு அந்த அறை என் ஒருத்திக்கு. மூன்று நாள் முடிந்து நான் முழுகிவிட்டு வந்ததும் சரசாள் கழுவிவிடுவாள். சரசாள் எங்கள் வீட்டில் பாத்ரூம், வாசல், கொல்லைப்புறம் எல்லாம் சுத்தம் செய்கிறவள். என்னுடைய மூன்று நாள் தட்டும் அவளுடைய டீ டம்ளரும் பின் சுவரில் ஒரே மாடத்தில் இருக்கின்றன.

நான் அங்கே கடைசியாக இருந்தது பொங்கலுக்கு. வாசலில் எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினார்கள். எனக்கு ஜன்னல் வழியாக ஒரு கிண்ணத்தில் வந்தது. நான் பி.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு.

அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. இதற்கு மேல் இன்று எழுத வேண்டாம்.

மார்ச் 8, சனி

நாற்றம் என் மூக்கில் மட்டும் இல்லை. சசிக்கும் அடித்துவிட்டது. அவருக்கு அது மானப் பிரச்சினை. ஊருக்கெல்லாம் பைப்பும் குழாயும் விற்கிற வீட்டில் சாக்கடை நாற்றம்.

உட்கார வைத்து எனக்குப் பாடம் எடுத்தார். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஓட்டைக்கு அடியில் கிண்ணம் மாதிரி ஒன்று இருக்கும். நானி ட்ராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. அது இருக்கும்வரை கீழே இருந்து வாயு ஏறாது. தண்ணீர் வற்றினாலோ ட்ராப் விரிசல் விட்டாலோ நாற்றம் மேலே வரும். கடைக்கு வருகிறவர்களிடம் இதைக் கையை வளைத்துக் காட்டிச் சொல்லுவார். எனக்கும் அப்படியே காட்டினார்.

வீட்டு பிளானை எடுத்து விரித்தார். "மொத்தம் நாலு ட்ராப். எல்லாத்தையும் பாத்துட்டேன். நாலுலயும் தண்ணி நிக்குது."

பிறகு ஏன் நாறுகிறது என்று அவருக்கும் தெரியவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தலைவலி.

மார்ச் 12, புதன்

தலைவலி. சமைத்தேன். சாமி அறையில் விளக்கேற்றினேன். ஒன்றும் ஆகவில்லை.

காலையில் பொதுப் பாத்ரூமில் இருந்தபோது அத்தை கதவைத் தட்டினார். நான் வழுக்கி விழுந்துவிட்டேனோ என்ற பயம் அவருக்கு. தட்டிக்கொண்டே இருந்தார். அவசரத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

கதவைத் திறந்ததும் என் தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். இனிமேல் தாழ்ப்பாள் போட வேண்டாம் என்றார்.

மார்ச் 15, சனி

பினாயில், பிளீச்சிங் பவுடர், ஆசிட். எல்லாவற்றையும் ஊற்றித் தேய்த்தது சரசாள். கையுறை கேட்டாளாம். கடையில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று சசி இரண்டு நாளாகச் சொல்கிறார். ஆசிட் பட்டு அவள் விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன.

ஆசிட் நெடி அடங்கியதும் பழைய நாற்றம் திரும்பி வந்துவிட்டது. சரியாகத் தேய்ப்பதில்லை என்று அத்தை சரசாளைத் திட்டினார்.

"மூஞ்சி பாத்துக்கற மாதிரி தேச்சு வுட்டிருக்கறனுங்க. வேணும்னா பொட்டு வெச்சுப் பாருங்க" என்றாள் சரசாள்.

நான் சிரித்துவிட்டேன். அத்தை என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 17, திங்கள்

நாத்தனாருக்கு முதல் தடவை ஊரெல்லாம் சொன்ன பிறகு கலைந்துவிட்டதாம். அதனால் மூன்று மாதம் நிறையும்வரை டாக்டரிடம்கூடப் போகக் கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். ஏப்ரல் 10ஆம் தேதிக்கு சசி டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறார். சாயங்காலம் வரும்போது ஒரு சின்னத் தொட்டில் பொம்மை வாங்கி வந்து அலமாரியில் ஒளித்து வைத்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரியாது.

மார்ச் 20, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

கடைக்கு வேலை செய்கிற பிளம்பர் தங்கவேல் அண்ணன் காலையில் வந்தார். பொதுப் பாத்ரூமில் நான்கு டைல்ஸை உடைத்துப் பார்த்தார். ட்ராப் நன்றாக இருந்தது. ஜன்னல் பக்கம் மூக்கை வைத்தார். சுவரைத் தட்டினார். இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"அது ஸ்டோர்" என்றார் அத்தை.

பின் அறைக்குப் பிளானில் அப்படித்தான் பெயர். சசி தலையை ஆட்டினார். நானும் அங்கேதான் நின்றேன்.

பிறகு தங்கவேல் அண்ணன் வெளியே போய் சேம்பர் மூடியைத் தூக்கினார். கழிவுநீர் எல்லாம் வந்து சேருகிற தொட்டி. கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். கம்பியின் நுனியில் ஒன்று சிக்கி வந்தது. உப்பிப்போய், பிசுபிசுவென்று. அது என்ன என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. அவர் சட்டென்று அதைக் கீழே போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். சசி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அத்தை சரசாளைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"எங்க பாத்ரூம்ல போனயா?"

"நான் எதுக்குங்க அங்க போறேன்?"

"அப்ப இது யாருது? என்னுதா? எனக்கு நின்னு வருசம் ஆகுது. இவொ முழுகாம இருக்கறா. இந்த வூட்டுக்குள்ள வந்து போற பொம்பள வேற ஆரு?"

சரசாள் குனிந்து கம்பி நுனியைப் பார்த்தாள். "நாங்க துணிதானுங்க வெக்கறது. இந்த மாதிரியெல்லாம் நான் வெச்சதே இல்லீங்."

"எங்கயாச்சும் எடுத்திருப்பே."

அப்போது சரசாள் என்னைப் பார்த்தாள். துடைப்பம் கையில் இருந்தது. கோபமாகப் பார்க்கவில்லை. பஸ் வருகிறதா என்று பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். நான் உடைந்த டைல்ஸைப் பார்த்தேன். நீல நிறம், ஓரத்தில் சின்னச் சின்னப் பூ.

எங்கள் சாமி இருக்கிற வீட்டில் தீட்டைக் கலந்துவிட்டாய், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அத்தை சொன்னார். சரசாள் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். மாடத்தில் இருந்த தன் டம்ளரை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பின் கேட் வழியாகப் போனாள்.

மார்ச் 21, வெள்ளி

அந்த நாப்கின் என்னுடையது, அத்தை கதவைத் தட்டிய அன்று அவசரத்தில் கழிப்பறைக்குள் தள்ளிவிட்டது. எழுதிவிட்டேன். எழுதினால் போதுமா?

மார்ச் 27, வியாழன்

நாற்றம் போகவில்லை. இன்னும் அதிகமாகிவிட்டது. வெயிலும் ஏறிவிட்டது. அவளுடைய தீட்டு வீட்டையே பிடித்துக்கொண்டது என்று சொல்லி அத்தை தினமும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறார். மஞ்சளும் சாக்கடையும் கலந்து ஒரு வாசனை. சாப்பாடு இறங்கவில்லை. மசக்கை என்கிறார்கள்.

பாத்ரூமை இப்போது நான்தான் கழுவுகிறேன். அத்தை வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. என்ன நல்ல பெண் என்று பக்கத்து வீட்டுத் துளசியக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை கெட்டவர் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஈரத்துணி மாற்றியபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவர் அவர். அந்தக் கையால்தான் மூன்று நாள் எனக்கு ஜன்னல் வழியாகச் சோறு தள்ளுகிறார். இரண்டும் ஒரே கை என்பது அவருக்கு உறுத்துவதே இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

டாக்டரிடம் போக இன்னும் ஒரு வாரம். சசி படியில் என் கையைப் பிடித்து இறக்கிவிடுகிறார். அவரிடம் சொல்லலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை கடையிலிருந்து போன் வந்தது. இன்னொரு தடவை போன் வரவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

தலைவலி என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். தூரம். பிப்ரவரியில் வந்தது, மார்ச்சில் வந்தது, இப்போதும் வந்திருக்கிறது. பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை. பொங்கல் கிண்ணத்துக்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

காலையில் டைரியையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நானே பின் அறைக்குப் போனேன். சமையலறையில் அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். "கலஞ்சு போச்சா கண்ணு" என்றார். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. கோழைத்தனத்துக்கு ஒரு அளவு வேண்டும். எனக்கு இல்லை.

பின் அறைப் பாத்ரூம் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. வெளியே அடித்ததெல்லாம் இதன் மிச்சம். தரை காய்ந்து புழுதி படிந்திருந்தது. ஓட்டைக்குள் பார்த்தேன். ட்ராப்பில் ஒரு சொட்டு இல்லை, ஒரு கரப்பான் செத்துக் கிடந்தது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினேன். கொளக் கொளக் என்று குடித்தது. இரண்டாவது பக்கெட்டுக்குத் தண்ணீர் நின்றது.

சசி கையை வளைத்துக் காட்டியது ஞாபகம் வந்தது. தண்ணீர்தான் கதவு. பொங்கலுக்குப் பிறகு யாரும் தண்ணீர் ஊற்றாமல் வற்றிப்போய், இந்தக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. இந்த ஜன்னலிலிருந்து பொதுப் பாத்ரூம் ஜன்னலுக்கு ஒரு கை தூரம்.

வீட்டில் ட்ராப் நாலு இல்லை. ஐந்து.

ஏப்ரல் 9, புதன்

நாற்றம் நின்றுவிட்டது.

அத்தை நாட்டுக்கோழி அடித்து ரசம் வைத்து ஜன்னலில் கொடுத்தார். கண் வீங்கியிருந்தது. மனசை விட்டுவிடாதே என்று எனக்கு ஆறுதல் சொன்னார். சசி கதவுக்கு வெளியே நின்று, நாளைக்கு வேண்டாம், முழுகிய பிறகு டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவருடைய செருப்பு மட்டும் கதவு இடுக்கில் தெரிந்தது. அந்தத் தொட்டில் பொம்மை ஞாபகம் வந்தது.

மத்தியானம் துளசியக்கா வந்தார். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசியது எல்லாம் கேட்டது.

"அவொ காலு இந்த வூட்ட வுட்டுப் போனதும் நாத்தம் நின்னுபோச்சு பாத்தீங்களா" என்றார் அத்தை. உடனே நிற்கவில்லை, மஞ்சள் தெளித்துத் தெளித்து இப்போதுதான் அடங்கியது என்றும் சொன்னார். பிறகு குரல் இறங்கியது. "அவொ பண்ணுன தீட்டுதான் என்ற பேரப் புள்ளையக் கலச்சுப்போட்டுது."

துளசியக்கா த்சொ த்சொ என்றார். நல்ல வேளை, எங்கள் வீட்டிலும் கொழுந்தனார் வீட்டிலும் அவளைப் போன வாரமே நிறுத்திவிட்டோம் என்றார்.

கோழி ரசத்தைப் பாத்ரூமில் ஊற்றினேன். ட்ராப்பில் எண்ணெய் மிதந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

தலை முழுகினேன். முடியைக்கூடத் துவட்டாமல் பின் கேட் வழியாக இறங்கி சரசாள் வீட்டுக்குப் போனேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவுக்குள் நான் போனதில்லை. இரண்டு பேரிடம் வழி கேட்டேன். இரண்டு பேரும் எதற்கு என்று கேட்டார்கள்.

சரசாள் வாசலில் விறகு வெட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அது என்னுடையது, நான் முழுகாமல் எல்லாம் இல்லை, அன்றைக்கு வாய் வரவில்லை.

"தெரியும்" என்றாள். "ரெண்டு மாசமும் குப்பைக்கு அடியில நீ சொருகி வெச்ச பொட்டணத்தக் கொண்டுபோயி எரிச்சது நாந்தான."

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று புரிந்தது.

"நான் சொன்னா நம்புவாங்களா? உன்ற மாமியா என்னைய அடிச்சிருப்பா, உன்னையத் திட்டியிருப்பா, அவ்வளவுதான். நீ சொல்லுவேன்னு மொகத்தப் பாத்தேன். நீ தரையப் பாத்துட்ட."

மன்னித்துவிடு என்றேன். அவள் அரிவாளைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள்.

"எங்கிட்ட வந்து சொன்னா நான் என்ன பண்ணட்டும்? எனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்டச் சொல்லறே. தெரியாதவங்ககிட்டப் போயிச் சொல்லு."

ஒரு தடவைகூட 'ங்க' போடவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை. சரியாகத்தான் இருந்தது.

அதே நாள், சாயங்காலம்

சசி கடையிலிருந்து வந்ததும் அத்தையையும் உட்கார வைத்துச் சொன்னேன். எல்லாவற்றையும். பிப்ரவரி, மார்ச், கம்பி நுனியில் வந்தது, காய்ந்த ட்ராப். ஒன்றும் கலையவில்லை, கலைவதற்கு ஒன்றும் இருக்கவில்லை என்றேன்.

அத்தை சரசாளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அல்லது பிள்ளையைப் பற்றி.

"அந்த நாள்லயுமா சாமிக்கு விளக்குப் போட்டே?" என்றார்.

"போட்டேன்."

எழுந்து சாமி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுகிற சத்தம் கேட்டது.

சசி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். வெளியில் தெரிய வேண்டாம் என்றார். பிறகு கடைக்காரராகிவிட்டார். "அங்க வாரம் ஒருக்கா ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினாப் போதும். இனி நாத்தம் வராது."

"யாரு ஊத்துறது?"

"அதுக்கு ஒரு ஆளப் பாக்கணும்."

மூன்று வருஷம் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். அவர் ஒரு தடவைகூட அந்த அறைக்குள் வந்ததில்லை என்பது இன்றைக்குத்தான் எனக்கு ஒரு செய்தியாகத் தெரிகிறது. பிளானில் ஸ்டோர் என்று இருக்கிறது. அவர் மனசிலும் ஸ்டோர்தான்.

நான் மட்டும் என்ன? சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று தங்கவேல் அண்ணன் கேட்டபோது நானும்தானே நின்றேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

துளசியக்கா வீட்டுக்கும் அவருடைய கொழுந்தனார் வீட்டுக்கும் போனேன். கேட்டிலேயே நின்று சொன்னேன். கொழுந்தனார் மனைவி கேட்டை மெதுவாகச் சாத்தினார். துளசியக்கா மட்டும் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதையெல்லாம் வந்து சொல்லுவாங்களா அம்மிணி" என்றார். சரசாளைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். வேறு ஆள் போட்டாகிவிட்டது என்றார்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறார். ஜன்னலில் இல்லை, மேசையில்.

ஏப்ரல் 22, செவ்வாய்

படித்தேன். பழைய வினாத்தாள் ஒன்றுக்கு விடை எழுதினேன். உடைத்த டைல்ஸுக்குப் பதில் புது டைல்ஸ் ஒட்டினார்கள். நிறம் ஒத்துப் போகவில்லை. குளிக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

மே 7, புதன்

தூரம். பொதுப் பாத்ரூமில் குளித்தேன். அத்தை பின் அறைக் கட்டிலில் விரிப்பு மாற்றி வைத்திருந்தார். நான் போகவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. சாமி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பொட்டணத்தை நானே எடுத்துக்கொண்டு குப்பை எரிக்கிற இடத்துக்கு நடந்தேன். சரசாள் கல்யாண மண்டபத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். தோளில் துண்டு போட்டுக்கொண்டு எதிரே வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். என்ன என்று அவளுக்குத் தெரியாதா? நான் ஒதுங்கி நின்றேன். ஏதாவது பேசுவாள், திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

"வூட்டுல நாத்தம் நின்னுபோச்சுங்களா அம்மிணி?" என்று கேட்டாள்.

'ங்க' திரும்ப வந்துவிட்டது. நின்றுவிட்டது என்றேன். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.